மாவுக்குள்ளே இருக்கும் இனிப்பு

பூட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெள்ளைப் பொடிப் பொட்டலம் பத்திரமாக இருந்தது. மாட்டிக்கொண்டால் குடும்ப மானமே போய்விடும்.

மேடையில் அவர் மனைவி கழுத்தோரம் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்பது பெண்கள், மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக. சர்க்கரையில்லாத கேக் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. அந்தத் தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘பேரீச்சை அக்கா’.

“முதல்ல சர்க்கரையை நிறுத்தினேன். அதுக்குப் பதிலா இருபது பேரீச்சம்பழம் அரைச்சுப் போட்டேன். வீட்ல எல்லாரும் திகட்டுதுன்னாங்க. பத்தாக்கினேன், அப்பவும் திகட்டுதாம். அஞ்சு, ரெண்டுன்னு குறைச்சுக்கிட்டே வந்து, இப்ப ஒண்ணுமே போடறதில்ல!” என்றாள் அக்கா. “மாவுக்குள்ளயே இனிப்பு இருக்கு. சர்க்கரை தின்னு கெட்டுப்போன நாக்குக்குத்தான் அது தெரியாது!”

நாற்பது பேனாக்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டன.

“இன்னொண்ணும் சொல்றேன். ஒரு மாசமா எங்க சமையலறைல ஒரு எறும்பு கிடையாது!”

கைதட்டல் அடங்க நேரமானது. எந்தப் பூட்டையும் சத்தமில்லாமல் திறக்கிற பூட்டுக்காரரால், அந்த மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. இரண்டு தடவை தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மேடையேறினார். இரண்டு தடவையும், “போய் உக்காருங்க, மறைக்குது” என்று விரட்டிவிட்டாள்.

மாவு தட்டுக்குப் போனது. தட்டு ஓவனுக்குள் போனது. ஓவன் கதவு மூடிக்கொண்டது.

பூட்டுக்காரர் கடைசி வரிசைக்கு வந்து, மாமியாருக்கும் மச்சானுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அத்தை, ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார் மெதுவாக. “ஆரம்பத்துலேர்ந்து அவளுக்குத் தெரியாம மாவுல சர்க்கரை கலந்துட்டு இருந்தவன் நான்தான்.”

மாமியார் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மாத்திரை டப்பா நிறையச் சர்க்கரை.

“நானும்தான், மாப்பிள்ளை.”

மச்சான் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினார். அதிலும் சர்க்கரை.

“மூணு பேரும் கொட்டியிருக்கோம். திகட்டாம என்ன செய்யும்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் பூட்டுக்காரர். “நான் ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திட்டேன் அத்தை. இவ்வளவு திகட்டுதே, அவளுக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். இன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி மானம் போயிடக் கூடாதேன்னுதான் மறுபடியும் கொண்டுவந்தேன்.”

“நானும் அப்பதான் நிறுத்தினேன்.”

“நானும்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதான் எறும்பு வரல” என்றார் மாமியார் ஈனசுரத்தில். “அப்ப ஒரு மாசமா நாம தின்னது?”

“வெந்த மாவு” என்றார் மச்சான்.

“சப்புன்னு இருக்குன்னு ஒருத்தராவது அவகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் பூட்டுக்காரர்.

“நீங்க சொன்னீங்களா?” என்று திருப்பிக் கேட்டார் மாமியார்.

யார் சொல்வது? போன மாசம் ஒருமுறை ‘இனிப்பு கொஞ்சம் கம்மி’ என்று வாய் தவறிச் சொன்ன மச்சானுக்கு, கெட்டுப்போன நாக்கைச் சரிசெய்ய ஒரு வாரம் உப்பில்லாத சாப்பாடு போட்டவள் அவள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் ‘பிரமாதம்’ என்றார்கள். அவள் அதை நோட்டில் குறித்துக்கொள்வாள். கேக் சுடுவதும் எழுதுவதும்தான் அவள் வேலை. கேக் என்ற பெயரில் எதையும் நாக்கில் வைப்பதில்லை என்று சபதம் எடுத்தவள். ருசி பார்ப்பது குடும்பத்தின் பொறுப்பு.

இருபது வருஷத்தில் அவள் அழுது பூட்டுக்காரர் பார்த்ததில்லை. இன்று நாற்பது பேர் முன்னால் அவள் தலைகுனியப் போகிறாள், அதுவும் தன்னால். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

ஓவன் மணி அடித்தது.

கேக் பொன்னிறமாக உப்பி வந்திருந்தது. நாற்பது துண்டுகளாக நறுக்கி, நாற்பது பேருக்கும் கொடுத்தாயிற்று. மகளிர் சங்கத் தலைவி முதலில் கடித்தார். மென்றார். இன்னும் மென்றார். பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதற்கும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

“ஆஹா!” என்றார் தலைவி. “என்ன இனிப்பு!”

“தேன் மாதிரி இருக்கு!” என்றது இரண்டாவது வரிசை.

“எனக்குக் கொஞ்சம் தூக்கலாவே தெரியுது” என்றார் மூன்றாவது வரிசையில் ஒருவர். கெட்டுப்போன நாக்கு அந்தக் கூடத்தில் ஒருவருக்குமே இல்லை.

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் கைப்பையை மூடினார். தப்பித்தோம்!

“அக்கா, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க!” என்று முன்வரிசையில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

“ஐயோ, நான் கேக் தொடறதில்லையே.”

“இதுலதான் ஒண்ணுமே போடலையே, உங்களுக்கு என்ன பயம்?” என்று தன் தட்டில் மிச்சமிருந்த பெரிய துண்டைத் தலைவியே அவள் வாயில் ஊட்டிவிட்டார். கூடமே கைதட்டியது.

அக்கா மென்றாள். கைதட்டல் ஓய்ந்தது. மறுபடியும் மென்றாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்கு நேராக வந்து, கணவரின் காதோரம் குனிந்தாள். கழுத்தில் மைக் இருந்தது அவளுக்கு ஞாபகமில்லை.

கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் அவள் ரகசியக் குரல் கேட்டது.

“ஏங்க, இதுல இனிப்பே இல்லையே!”