எலுமிச்சம்பழம் ஏறிய சேதி

அடைக்கலத்தின் காரில், சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே அதிர்வு வாங்கிக்கொண்டிருந்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷை மாட்டினார்கள். புதுசுக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தடியில் எது வந்தாலும் உடனே சீட்டுக்குச் சொல்லியாக வேண்டும் அதற்கு.

“பூஜை எலுமிச்சம்பழம், ஐயா. இது புளியங்கொட்டை. இப்போ வெள்ளைக்கோடு.”

இடுப்பு விட்டுப்போன அடைக்கலம் மூன்றாம் நாளே அதை டிக்கியில் போட்டுவிட்டு, பழைய ரப்பரையே மாட்டச் சொன்னார்.

கார் மிதந்தது. மெக்கானிக் முறுக்க மறந்த சக்கர நட்டுகள் கடகடவென்று ஆடின.

“ஐயா பாட்டுக் கேட்கிறார். அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?” என்று ரப்பர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டது. டிக்கியில் கிடந்த புதுசு தொண்டை கிழியக் கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை.

சற்றைக்கெல்லாம் ஒரு சக்கரம் காரை முந்திக்கொண்டு தனியாக ஓடியது.

“எந்தப் புண்ணியவான் வண்டியோ, பாவம்,” என்று சிரித்தார் அடைக்கலம்.