மிக்கேலின் நீலச் செருப்பு

செருப்பு மட்டும் கிடந்தது. ஈரப் பலகையின் மேல், நீல வார் வைத்த ஒற்றைச் செருப்பு. பக்கத்தில் சிவப்பாகச் சில சொட்டுகள்.

கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்த தீபிகாவுக்கு, பொம்மனஹள்ளி சிக்னலில் அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரனை நிறுத்தியதுபோல் இருந்தது. உலக வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை.

"ஏனாய்த்து தீபிகா?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டபடி பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான் கிஷோர்.

"மிக்கேல் அண்ணன் அனுப்பினது. மீனும் இல்ல, அவர் காலும் இல்ல."

பெங்களூரில் கடல் கிடையாதுதான். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் வலையில் எந்தச் சுறா, எந்தத் திருக்கை விழுந்தாலும், தீபிகா வேலை பார்க்கும் மீன் ஆராய்ச்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு வாட்ஸப்பில் வந்து ஆஜர் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்தனுப்பிய அளவு டேப்புகளையெல்லாம் உப்புக்காற்று தின்று ஏப்பம் விட்டுவிட்டது. அதனால் மீனவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் நீலச் செருப்பு வாங்கி அனுப்பியிருந்தாள் தீபிகா. மீன் பக்கத்தில் செருப்பை வைத்துப் படம் எடுத்தால் போதும், நீளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

மிக்கேல் மட்டும், மீன் வழுக்கிப் போகாமல் வாலை மிதித்துக்கொண்டுதான் எடுப்பார். எல்லாப் படத்திலும் அம்மிக்குழவி போல அவர் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும்.

"அங்கே பேய்க்காத்தாம். கடலுக்குப் போகாதீங்கன்னு காலையிலேயே சொல்லியிருக்காங்க. போயிருக்க மாட்டார், விடு" என்றான் கிஷோர்.

"போயிருப்பாரு கிஷோர். நான்தான் துரத்தினேன்!" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள் தீபிகா. "படம் வராத நாள்ல அங்கே என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்னு மேடம் காய்ச்சி எடுத்தாங்கல்ல? அந்தக் கோபத்துல, காத்தோ மழையோ, ஒருநாள் விடாம எனக்குப் படம் வந்தாகணும்னு அண்ணன்கிட்ட கத்திட்டேன்."

மிக்கேலின் போன் அணைந்து கிடந்தது. மறுபடி அடித்தாள். அப்போதும் அப்படியே.

மேலதிகாரி வேதநாயகி திட்டினால் திமிங்கிலமே கரையேறி மன்னிப்புக் கேட்கும். அவரே படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார், "அவர் வீட்டம்மா நம்பர் இருக்கா?"

இருந்தது. பெர்னதெத் எடுத்தாள். பின்னால் காற்று ஊளையிட்டது.

"பெங்களூர்ப் பொண்ணா? எல்லாம் உன்னாலதாம்மா! இந்தக் காத்துல போவாதீயன்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? அந்தப் புள்ள கேட்டுருக்குன்னு போனாரே..."

மன்னார் வளைகுடாவில் பாதி தீபிகாவின் கண்ணில் இறங்கியது.

அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம். ஒரு இருமல்.

"அவ கெடக்கா தங்கச்சி. படகுக்கு அடிக்க வச்சிருந்த சேப்புப் பெயின்ட கொட்டிட்டேன்னு கத்துதா. என் போனும் செத்துப்போச்சு."

"அண்ணே! கடலுக்கா போனீங்க?"

"இந்தக் காத்துல எவன் போவான்? கரையில கெடக்க படகுல வச்சுல்லா எடுத்தேன்."

"அப்புறம் எதுக்குண்ணே வெறும் செருப்பு?"

"சுறா இல்லங்கிறத வேற எப்படித் தங்கச்சி படம் எடுக்க?"