வீட்டில் பட்டுச் சேலை

"அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு, டாக்டர்," என்றாள் சுரேகா. பக்கத்தில் அவளுடைய அம்மா சீதாலெட்சுமி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல எப்பவும் நைட்டிதான் போடுவாங்க. இப்ப ஒரு மாசமா விடிஞ்சதும் பட்டுச் சேலை கட்டிக்கிறாங்க. அதோடயே சமைக்கிறாங்க, கூட்டுறாங்க. இந்தச் சூட்டுல யாராவது கட்டுவாங்களா? இனி தனியா விட முடியாது. முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன்."

"அம்மா உங்களோடவா இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர் நிலானி.

"இல்ல, அவங்க கிள்ளான் வீட்டுல தனியா இருக்காங்க. நான் இருக்கிறது பெட்டாலிங் ஜெயாவுல."

"அப்ப தினமும் என்ன கட்டுறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மாவுக்குப் புரியக் கூடாதென்று சுரேகா ஆங்கிலத்துக்கு மாறினாள். ஹாலிலும் சமையலறையிலும் சின்னக் கேமரா வைத்திருப்பதையும், அது அம்மாவுக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் சீதாலெட்சுமி.

சுரேகா திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசம் மாப்பிள்ளை போன் பண்ணப்ப, 'ஏன் அத்தை ஃபேன் போடாம உட்கார்ந்திருக்கீங்க?'ன்னு கேட்டாரு. அவரு பார்க்கறப்ப நான் எப்படிம்மா நைட்டியோட இருக்கிறது?"