இருவருக்கும் பொதுவான பச்சை

"டேய், இந்தச் செவ்வகம் நேத்து இங்க இல்லையே?"

அக்கா இடுப்பில் கைவைத்துச் சுவரைப் பார்த்தாள். பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்களும் அவளோடு சேர்ந்து பார்த்தார்கள்.

"இடம் வெறிச்சுனு இருந்துச்சுக்கா," என்றான் தம்பி, தூரிகையைத் துடைப்பதில் மும்முரமாக இருப்பவன்போல.

அப்பட்டமான பொய். அவளுடைய மஞ்சள் வட்டங்களும் அவனுடைய நீலச் செவ்வகங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவருக்கு மூச்சுவிட இடமில்லை.

அவள் வட்டம் மட்டும்தான் போடுவாள். அவன் செவ்வகம் மட்டும்தான். முதன்முதலில் சேர்ந்து வரைந்த சுவரில், யாருடையது மேலே என்று கிளம்பிய சண்டையில் ஒரு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை.

பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படும் இடத்தை வெள்ளையாக விட வேண்டும். கடைசியில் இருவரும் சேர்ந்து நின்று, மஞ்சளையும் நீலத்தையும் கலந்து அங்கே பச்சை பூச வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த வெள்ளையைத் தொடக்கூடாது.

இந்தச் சுவர் முடிந்ததும் அக்கா தூர ஊருக்கு வேலைக்குப் போகிறாள். இன்று மாலையில் ரயில்.

அதனால்தான் ஒரு வாரமாகச் செவ்வகங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. இன்றையது அவளுடைய பெரிய வட்டத்துக்குள் பாதி நுழைந்திருந்தது. நுழைந்த பாதிக்கு ஒழுங்காக வெள்ளை அடித்திருந்தான். சட்டத்தை மீறவில்லை, பாருங்கள்.

"ஏன்டா, நீ கட்டம் போட்டா ரயில் நின்னுடுமா?"

அவன் சிரித்து மழுப்பினான். புது ஊர், புது ஆட்கள். இனி அவள் எதற்கு இவனோடு நின்று சுவருக்கு வண்ணம் பூச வேண்டும்? 'திரும்பி வருவியாக்கா?' என்று கேட்கத்தான் நினைத்தான். வாயோ, பல் பிடுங்கப் பயந்தவன் வாய்போல இறுக மூடிக்கொண்டது.

பச்சையைக் கலந்தார்கள். அவள் மேலிருந்து பூசினாள், அவன் கீழிருந்து. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு, கழுதை," என்று அவன் மூக்கில் பச்சையைத் தடவிவிட்டு அக்கா கிளம்பினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வந்து சுவரை ரசித்தார். "பிரமாதம்ப்பா. அந்த மூலை சோபாவை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளிடு."

சோபாவின் பின்பக்கம் போய்க் குனிந்தவன் அப்படியே நின்றான்.

தரையை ஒட்டி, அவனுடைய செவ்வகம் ஒன்றின் மூலைமேல், ஒரு குட்டி மஞ்சள் வட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

இரண்டும் சேரும் இடம் வெள்ளையாக இருந்தது.

"என்னப்பா, ஏதாவது விட்டுப்போச்சா?" டாக்டரம்மா எட்டிப் பார்க்க வந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்றபடி, ஈரத்தில் படாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அவன் அவசரமாக சோபாவைத் தள்ளினான்.