பித்தளை நட்டு

பழைய கார்களின் ஊர்வலத்துக்கு முந்தைய நாள், மரகதவல்லி தன் கறுப்பு மோரிஸின் சைலன்சர் குழாயைத் தானே கழற்றினாள். எஞ்சினோடு அதைப் பிடித்திருந்த இரும்பு நட்டுகள் துருவேறி ஒட்டிப்போயிருந்ததால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதிது வாங்க சேலம் கடைவீதிக்குப் போனாள். கணவர் சபாபதியும் கூடப் போனார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"எவர்சில்வர் நட்டு போட்டுக்குங்க சார். பளபளன்னு இருக்கும்."

"சூட்டுல அது இறுகிப் பிடிச்சுக்கும். பித்தளை கொடுங்க. எத்தனை வருஷம் ஆனாலும் கழட்டலாம்" என்றாள் மரகதவல்லி.

"ஏற்காடு மலை ஏறணும்னீங்களே. பித்தளை தாங்குங்களா சார்?"

சபாபதிக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்க்க வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. இருந்தாலும், "அவங்க கேட்டதையே கொடுங்க" என்றார்.

மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி பிசிறில்லாத சத்தத்தோடு ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும் மரகதவல்லி பேனட்டைத் திறந்து, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஸ்பேனர் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விழாக்காரர் ஒருவர் சபாபதியிடம் மைக்கை நீட்டினார்.

"இவ்வளவு அருமையா வச்சிருக்கீங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்."

"நான் பக்கத்துல உட்கார்ந்து வந்தவன்ங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அதை மனைவியிடம் நீட்டினார் சபாபதி.

"கையெல்லாம் கரிங்க" என்றாள் அவள்.

"இருக்கட்டும். அப்படியே வாங்கு."