மழை சொன்ன இடுப்பு

ஜீப் கவிழ்ந்ததில் நொறுங்கிய, காப்பி எஸ்டேட் தொழிலாளி மாதப்பனின் இடுப்பெலும்பில் வைத்த இரும்புத் தகடு, சில வருடங்களில் திருகு கழன்று குத்தத் தொடங்கியது. மழை வருமுன் வலி உயிரை எடுக்கும்.

"தகட்டை எடுத்தரோணும்னு டாக்டர் சொல்றாருங்க. லீவு வேணுங்க."

"எடுத்துட்டா, களத்துல காப்பி காயுறப்ப மழை வருதுன்னு எனக்கு எவன்டா சொல்லுவான்?" என்றார் எஸ்டேட் முதலாளி. தன் நாய்க்குக் காய்ச்சல் என்றால் சேலத்துக்கு ஜீப் அனுப்புகிற மனுஷன் அவர்.

மறுநாள் களம் நிறையக் காப்பி. "இடுப்பு என்னடா சொல்லுது?" என்றார்.

"ஒண்ணும் வலியில்லீங்க."

மாலையில் கொட்டிய மழையில் அத்தனையும் நாசம்.

"மழைகூடச் சொல்லாத இரும்பு எதுக்குடா? போய்ப் பிடுங்கி எறி" என்று முதலாளியே விரட்டினார்.

பஸ் மலையிறங்கும்போது மனைவி ராசம்மாள் கேட்டாள்: "ஏனுங்க, நேத்து நெசமாலுமே வலிக்கலீங்களா?"

"உசுரே போச்சு புள்ள. அதையும் அந்தாளுகிட்டச் சொல்லோணுமாக்கும்?"