பதினான்கு கையும் இரண்டு அங்குலமும்

தை பிறந்த விடியலில் வெள்ளாற்றின்மேல் பனி திருநீற்றுப் பூச்சாகப் படிந்திருக்கிறது; கரையோர நாணல்கள் நீராடி எழுந்த அடியார்களைப்போல வாய்பேசாது நிற்கின்றன. சேத்தியாத்தோப்புப் பந்தயத் திடலில், ஓராண்டு பழக்கித் தமிழ்ச்செல்வி சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த கருங்குதிரை மூச்சுவிடுகிறது. ஆவி இளவெயிலில் பொன்னாகச் சுருள்கிறது. பெரிய குதிரை ஓட்டத்தில் சேர ஐம்பத்தெட்டு அங்குல உயரம் வேண்டும். விற்றவர் தந்த சான்றிதழிலோ ‘14.2 கை’ என்றிருக்கிறது. ஒரு கை நான்கு அங்குலம் என்பதால், பெயர் பதியும் மணவாளன் கைபேசியில் பெருக்குகிறார்.

“அம்பத்தாறு புள்ளி எட்டுதாம்மா வருது. ஹீல்ஸ் மாட்டி இட்டுனு வந்திருக்கலாமே!”

தமிழ்ச்செல்வி சான்றிதழில் அந்தப் புள்ளிமேல் விரல் வைக்கிறாள். “மாமா, அது தசமப் புள்ளி இல்ல. பதினாலு கை, அதுக்கு மேல ரெண்டு அங்குலம். போனக் கீழ வெச்சிட்டு அளவுகோல வெச்சிப் பாருங்க.”

அவர் அளவுகோலைக் குதிரையருகே நிமிர்த்தி வைக்கிறார். பிடரிமயிர் முடியும் தோள்மேட்டில் குறுக்குச்சட்டம் மெல்ல இறங்கி அமர்கிறது. ஐம்பத்தெட்டு. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தில்லையில் கல்தேர் இழுக்கும் புரவியொன்று உயிர்கொண்டு வந்ததுபோல், குதிரை செவியும் அசைக்காமல் நிற்கிறது.

மணவாளன் செருப்பைக் கழற்றுகிறார். மடியில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்துக் குதிரையின் நெற்றியில் ஒற்றுகிறார்.

“நல்லா ஓடு சாமி. உனக்கு ஒரு கொறையும் வராது.”